சளி வரும்வரை காத்திருக்க வேண்டாம்: வன்னியின் வைத்தியசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளின் பணிப்பாளர்களுக்கும், அங்கே மருத்துவ விடுதிகளைப் பார்க்கும் வைத்திய நிபுணர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் காய்ச்சலோடோ மெலிவோடோ உங்கள் விடுதியில் அனுமதிக்கப்பட்டால், இருமல் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், அன்றைக்கே காசநோய்க்கான விரைவுச் சோதனைகளைச் செய்யுங்கள். சிறுநீரில் காசநோய்க் கிருமியின் பொருளைத் தேடும் லாம் சோதனை ஒன்று. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் ஒன்று. சளி வராவிட்டால் கிடைக்கிற வேறு மாதிரியில். ஒன்றின் முடிவு வரட்டும் என்று மற்றதை நிறுத்தி வைக்காமல் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

நான் வைத்தியன் அல்ல. வன்னியில் பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக வேலை செய்து இளைப்பாறியவன். சனத்துக்கு இந்தப் பதவிப் பெயர் வாயில் நுழையாது, "சளி பார்க்கிற ஐயா" என்றுதான் சொல்வார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்துச் சளி பார்த்தவர்கள் நாங்கள். மழைக்காலத்தில் முகில் விலகும்வரை வேலையை நிறுத்தி வைத்ததும் உண்டு. அந்த வேலையில் ஊறியவன் என்பதாலேயே, சளிப் பரிசோதனை எங்கே கைவிடும் என்பதை நான் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காபோல் பூக்சின் ஊற்றி, ஆவி எழும்வரை சூடாக்கி, அமில மதுசாரத்தால் நிறத்தைக் கழுவி, மெதிலீன் நீலம் இட்டுப் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்களாகக் கிருமி தெரியும். தகட்டை நகர்த்தி நகர்த்தி, நுணுக்குக்காட்டியில் நூறு புலங்களை, அதாவது நூறு இடங்களை, பார்த்து முடிக்காமல் "இல்லை" என்று எழுதக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டம். ஆனால் எவ்வளவு பொறுமையாகப் பார்த்தாலும், ஒரு மில்லிலீற்றர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் ஒன்று கண்ணில் படும். அதற்குக் கீழே இருந்தால் நோயாளிக்குக் காசநோய் இருக்கும், என் தகட்டில் இருக்காது. நான் அனுப்பும் முடிவுத் துண்டு அந்த ஒரு தகட்டைப் பற்றியது. விடுதிக்குப் போனதும் அது முழு மனிதனைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது.

சாதாரண ஆள் என்றால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. முற்றிய காசநோயில் நுரையீரலில் குழி விழும். குழிக்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகும், இருமினால் வெளியே வரும். எச்.ஐ.வி. முற்றியவரின் கதை தலைகீழ். அந்தக் குழியைக் கிருமி தனியாகத் தோண்டுவதில்லை. எங்கள் உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மல்லுக்கட்டும்போதுதான் நுரையீரல் அப்படிச் சிதைகிறது. அந்த எதிர்ப்புச் சக்தியை நடத்துபவை, எச்.ஐ.வி. அழிப்பவை, இரத்தத்தில் உள்ள சி.டி.4 கலங்கள். அவற்றின் எண்ணிக்கை இருநூறுக்குக் கீழே, நூறுக்குக் கீழே என்று இறங்கிவிட்டால் மல்லுக்கட்ட ஆளில்லை. குழி விழாது. எக்ஸ்ரே சில வேளை சுத்தமாகவே இருக்கும். சளி வராது, வந்தாலும் கிருமி குறைவு. அதே நேரத்தில் கிருமி இரத்தத்தில் ஏறி நிணநீர்க் கணு, ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை, சிறுநீரகம், மூளையுறை என்று உடம்பெல்லாம் பரவி நிற்கும். நோய் எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்குச் சளிப் பரிசோதனை ஏமாற்றும். நாங்கள் வாழ்நாள் முழுக்க நம்பிய கருவி, அது மிகவும் தேவைப்படும் ஆளிடம்தான் தோற்கிறது.

பல காலத்துக்கு முன் நடந்த ஒன்று. எந்த வைத்தியசாலை என்று எழுதப்போவதில்லை. அது எங்கும் நடந்திருக்கக்கூடியது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பின்னேரக் காய்ச்சல், உடம்பு பாதியாய் மெலிந்து போயிருந்தது, இரத்தமும் குறைவு. இருமல் பெரிதாக இல்லை. எச்.ஐ.வி. இருப்பது வந்த பிறகுதான் தெரிந்தது. விடுதியிலிருந்து தாதிப் பிள்ளை ஒருவர் வந்து, "அண்ணை, இவருக்குச் சளி வருதில்லை, துப்பலைத்தான் தாறார், அனுப்பட்டோ?" என்று கேட்டார். அனுப்பினார்கள், பார்த்தோம், ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதிரியும் அப்படியே. அன்ரிபயோற்றிக் மாற்றினார்கள், பிறகு இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்புவதா என்ற கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் முடிந்துவிட்டார். நியூமோனியா என்று எழுதினார்கள். அவருக்குக் காசநோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரு சோதனையும் அவருக்குச் செய்யப்படவில்லை. செய்வதற்கு அப்போது எங்களிடம் எதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை. இப்போது இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எங்கள் பக்கத்தில் கணக்கு இல்லை, ஏனென்றால் இங்கே இதற்காகப் பிரேதத்தை வெட்டிப் பார்ப்பதில்லை. வெட்டிப் பார்த்த நாடுகள் உண்டு. வசதி குறைந்த நாடுகளில் எச்.ஐ.வி.யோடு தொடர்புடைய மரணங்களின் பிரேத பரிசோதனை ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வந்தது. இறந்த வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேரிடம் காசநோய் இருந்திருக்கிறது. அவர்களில் பாதிக்குக் கிட்ட, உயிரோடு இருந்தபோது அது கண்டுபிடிக்கப்படவேயில்லை. பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளின் கணக்கு அது. எங்களுடைய விகிதம் அவ்வளவு இருக்காது. ஆனால் தப்பிப்போகும் விதம் அதேதான்.

இனி லாம் சோதனைக்கு வருகிறேன். காசநோய்க் கிருமியின் சுவரில் லிப்போஅரபினோமனன் என்றொரு பொருள் இருக்கிறது. அதன் சுருக்கப் பெயர்தான் லாம். கிருமி உடம்பெங்கும் பரவி, சிறுநீரகத்தையும் எட்டிவிட்டால், இந்தப் பொருள் சிறுநீரில் இறங்கும். கர்ப்பம் பார்க்கும் துண்டைப் போல ஒரு சோதனைத் துண்டில் 60 மைக்ரோலீற்றர் சிறுநீர் விட்டு, 25 நிமிடம் பொறுத்து, கோடு விழுகிறதா என்று அதனோடு வரும் ஒப்பீட்டு அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். நாள் முழுக்க முக்கினாலும் சளி வராத ஆள் ஒரு சின்னப் போத்தலில் சலம் விட்டுத் தருவார்.

இந்தச் சோதனையின் குறையையும் மறைக்கக்கூடாது. காசநோய் உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளில், அறிகுறி இருப்பவர்களிடம்கூட, நூற்றுக்கு நாற்பத்திச் சொச்சம் பேரைத்தான் அது பிடிக்கும். சி.டி.4 நூறுக்குக் கீழே போனவர்களிடம் பாதிக்கு மேல் பிடிக்கும். ஆகவே கோடு விழுந்தால் அன்றைக்கே மருந்து தொடங்கலாம். கோடு விழாவிட்டால் தேடுவதை நிறுத்தக்கூடாது. காசநோயின் முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்கு அடங்காத கிருமியா என்பதையும் அது சொல்லாது. அந்த இடத்துக்குத்தான் ஜீன்எக்ஸ்பேர்ட். கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் இயந்திரம் அது. மாதிரியைக் கரைசலோடு கலந்து, கால் மணித்தியாலம் பொறுத்து, காட்றிஜ் என்ற சிறு குப்பிக்குள் விட்டு இயந்திரத்துக்குள் தள்ளினால், இரண்டு மணித்தியாலத்துக்குள் கிருமி உண்டா, ரிபாம்பிசினுக்கு அடங்குமா என்ற இரண்டுக்கும் பதில் வரும். நான் பத்தாயிரம் கிருமி தேடிய ஒரு மில்லிலீற்றரில், அதற்குக் கிட்டத்தட்ட 130 போதும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அல்ட்ரா வகைக்கு இருபதுக்கும் குறைவு போதும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இன்னும் நுட்பமானதுதான், ஆனால் அதற்கு இரண்டு முதல் ஆறு கிழமை வேண்டும். விடுதியில் மூச்சிழுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஆறு கிழமை கிடைக்காது.

"சோதனை செய்தால் ஆள் பிழைப்பாரா?" என்று வைத்திய நிபுணர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி. தென்னாபிரிக்கா, தன்சானியா, சாம்பியா, சிம்பாப்வே ஆகிய நாடுகளின் பத்து வைத்தியசாலைகளில், காசநோய் என்று சந்தேகிக்கப்பட்ட இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வழமையான சோதனைகளோடு லாம் சோதனையையும் சேர்த்துப் பார்த்தார்கள். எட்டுக் கிழமைக்குள் இறந்தவர்கள் லாம் இல்லாத பிரிவில் நூற்றுக்கு 25, லாம் இருந்த பிரிவில் 21. 2016இல் லான்செற் இதழில் வந்தது இது. வெறும் சிறுநீர்த் துண்டு ஒன்றால் நூறு பேரில் நாலு பேர் கூடுதலாகத் தப்பியிருக்கிறார்கள்.

2018இல் வந்த இன்னோர் ஆய்வு என்னை அதைவிடக் கூடுதலாக யோசிக்க வைத்தது. மலாவியிலும் தென்னாபிரிக்காவிலும் 2,600 எச்.ஐ.வி. நோயாளிகள். இந்த முறை சந்தேகம் இருக்கிறதா என்றே பார்க்கவில்லை, அனுமதிக்கப்பட்டவர்களையெல்லாம் சேர்த்தார்கள். எல்லோருக்கும் சளியில் ஜீன்எக்ஸ்பேர்ட். பாதிப் பேருக்கு அதோடு சிறுநீரில் லாமும் ஜீன்எக்ஸ்பேர்ட்டும். காசநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 14.9இலிருந்து 21.9 ஆனார்கள். 56 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21.1இலிருந்து 18.3 ஆனார்கள். மொத்தமாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். ஆனால் சி.டி.4 நூறுக்குக் கீழே உள்ளவர்களிலும், ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே உள்ளவர்களிலும், வந்தபோதே காசநோய் சந்தேகிக்கப்பட்டவர்களிலும் மரணம் தெளிவாகக் குறைந்தது. ஹீமோகுளோபின் பார்க்காத விடுதி வன்னியில் இல்லை. எச்.ஐ.வி. நோயாளியின் இரத்த ரிப்போட்டில் எட்டுக்குக் கீழே ஓர் இலக்கத்தைக் கண்டால், இரத்தம் ஏற்ற எழுதும் அதே கையால் லாமுக்கும் எழுதலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தெளிவாகவே சொன்னது. விடுதியில் இருக்கும் எச்.ஐ.வி. நோயாளிக்குக் காசநோய் அறிகுறி இருந்தாலோ, நோய் முற்றியிருந்தாலோ, கடும் சுகவீனம் என்றாலோ லாம் செய்யுங்கள், சி.டி.4 இருநூறுக்குக் கீழே என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் செய்யுங்கள் என்று. 2024இல், சளி போன்ற சுவாச மாதிரியில் ஜீன்எக்ஸ்பேர்ட் போன்ற மூலக்கூற்றுச் சோதனையும் சிறுநீரில் லாமும் ஒரே நேரத்தில் என்றது. நான் மேலே கேட்டது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல.

"எங்களிடம் எச்.ஐ.வி. எங்கே இருக்கிறது?" இந்தக் கேள்வியை இனிக் கேட்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். இலங்கையில் குறைவுதான், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் சான்றிதழும் பெற்றோம், அது சின்ன விசயமல்ல. அதே நாட்டில் 2023இல் புதிதாகப் பதிவானவர்கள் 694 பேர், முந்திய வருடம் 607. காசநோயில் வருடத்துக்கு ஏறக்குறைய பதினாலாயிரம் பேர் விழுவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட, எங்கள் பதிவேட்டில் ஏறுவது எட்டாயிரம், ஒன்பதாயிரம் அளவில். மிச்சப் பேர் எங்கோ இருமிக்கொண்டோ இருமாமலோ இருக்கிறார்கள். முள்வேலிக்குள் ஒரு கூடாரத்தில் இரண்டு மூன்று குடும்பங்களாக 2009ஐக் கழித்த சனம் இது. காசநோய்க் கிருமி உடம்புக்குள் பல வருடம் தூங்கக்கூடியது. எச்.ஐ.வி. வந்தால் எழும்பும்.

எண்ணிக்கை குறைவு என்பது எனக்கு எதிரான வாதமல்ல. குறைவாக இருப்பதால்தான் விடுதி வைத்தியருக்கு அந்த நினைப்பே வராது. வருடத்தில் ஓரிருவர் வருகிற இடத்தில் பழக்கம் உருவாகாது. பழக்கம் உருவாகாத இடத்தில்தான் எழுதி ஒட்டிய ஒரு நடைமுறை வேண்டும். செலவைப் பார்த்தாலும் அப்படியே. லாம் துண்டு ஒன்று சில டொலர்தான். ஜீன்எக்ஸ்பேர்ட் காட்றிஜின் சலுகை விலை 2023இல் எட்டு டொலருக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு வருடத்துக்குத் தேவையான லாம் துண்டுகளை ஓர் ஆள் கைப்பையில் கொண்டுவரலாம். காலாவதித் திகதியைப் பார்த்து, ஒரு வைத்தியசாலையில் மிஞ்சுவதை மற்றதுக்கு மாற்றிக் கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக்கினால் வீணாவதும் இல்லை.

இயந்திரம் வேறு கதை. அறையில் முப்பது பாகைக்கு மேல் வெக்கை ஏறினால் ஜீன்எக்ஸ்பேர்ட் மக்கர் பண்ணும். சித்திரை வைகாசியில் எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். குளிரூட்டியும் மின்தடைக்குத் தாங்கும் மின்கலமும் இல்லாமல் இயந்திரத்தை வாங்கி வைத்துத் திறப்பு விழா நடத்துவதில் அர்த்தமில்லை. எத்தனையோ நல்ல இயந்திரங்கள் நாடா வெட்டிய சில மாதத்தில் துணி போர்த்தி மூலையில் கிடந்ததைப் பார்த்தவன் நான். இந்தியாவில் செய்யப்படும் ட்ரூநாட் என்ற சிறிய இயந்திரம் மின்கலத்திலேயே ஓடும், 2020இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் போன்ற இடங்களுக்கு அது பொருந்துமா என்று தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு பேசிப் பாருங்கள்.

அதுவரைக்கும் மாதிரி பயணம் செய்யட்டும், நோயாளி செய்யவேண்டாம். இப்போது நடப்பது எதிர்மாறாக இருக்கிறது. எழும்பி இருக்க முடியாத ஆளை அம்புலன்சில் ஏற்றி ஏ9 வீதியால் வடக்கேயோ தெற்கேயோ கொண்டுபோகிறோம். அவரிடமிருந்து எடுக்கவேண்டியது ஒரு சின்னப் போத்தல்தான். மாதிரியை எடுத்துப்போக ஒரு மோட்டார் சைக்கிளும் குளிர்ப்பெட்டியும் போதும். எந்த நாளில், எத்தனை மணிக்கு மாதிரி புறப்படும், முடிவை யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்பதை எழுதி ஒவ்வொரு விடுதியிலும் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த மாதிரி திங்கள்வரை குளிர்சாதனப் பெட்டியில் கிடப்பதும், புதன்கிழமை வந்த முடிவு அடுத்த கிழமை தபாலில் விடுதிக்குப் போவதும் நானே கண்டவை. விரைவுச் சோதனையின் விரைவு முழுவதும் அந்த இடங்களில் செத்துவிடும்.

இனிச் சொல்லப்போவதை உங்களில் பலர் யோசித்திருக்க மாட்டீர்கள். லாம் சோதனை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டுமே செய்வது. அப்படியானால் ஆய்வுகூடத்துக்கு ஒரு லாம் கோரிக்கைத் துண்டு வந்தாலே, அதில் வேறொன்றும் எழுதாவிட்டாலும், அது யாருடைய சிறுநீர் என்று பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவர் எச்.ஐ.வி. நோயாளி என்று தெரிந்துவிடும். துண்டைக் கொண்டுவரும் சிற்றூழியரும் அதே ஊர், பதிவு செய்யும் பிள்ளையும் அதே ஊர், வெளியே வாங்கில் இருப்பது நோயாளியின் பெரியம்மாவின் மகள். வன்னி அவ்வளவு சின்னது. பொதுச் சுகாதார பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டுப் படலையில் நின்றாலே ஒழுங்கை முழுக்க விசாரிக்கும். ஊர்க் கிளினிக்கைத் தவிர்த்து, இரண்டு பஸ் மாறி வேறு மாவட்டத்தில் மருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒளித்து வைத்த ஒன்றை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தால், அடுத்தவர் ஆசுபத்திரிக்கே வரமாட்டார்.

அதனால் லாமை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாதீர்கள். விடுதியிலேயே, வைத்தியரோ பயிற்சி பெற்ற ஒரு தாதியோ, மூடிய அறையில் செய்யலாம். அதற்கு ஏற்ற சோதனைதான் அது. போத்தலில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். முடிவைக் கட்டிலில் தொங்கும் சீட்டில் எழுத வேண்டாம், வைத்தியரின் பொறுப்பில் இருக்கும் கோப்பில் எழுதுங்கள். கட்டிலுக்குச் சிவப்பு அடையாளம், இரட்டைக் கையுறை, மூலைக் கட்டில் என்ற பழைய வேலைகள் எங்காவது மிச்சமிருந்தால் அவற்றையும் இத்தோடு விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி.க்கு அவை தேவையில்லை. காசநோய்க்குத் தேவையானது திறந்த யன்னலும், காற்றோட்டமும், முகக்கவசமும். கண்டுபிடிக்கப்படாத காசநோயாளி ஒருவர் பத்து நாள் படுத்திருக்கும் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரருக்கும் தாதிமாருக்கும் உள்ள ஆபத்தை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சோதனை எதற்கு, சந்தேகம் வந்தால் மருந்தைத் தொடங்கிவிடலாமே என்று ஒரு நிபுணர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஆள் கைமீறிப் போகிற நேரத்தில் அது சரி, அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதையே வழக்கமாக்க முடியாது. ஆறு மாத மருந்து, ஈரலைத் தாக்கக்கூடியது. ரிபாம்பிசின், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டொலுடெகிராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும், அதனால் அந்தக் குளிசையை நாளுக்கு இரண்டு தரம் கொடுக்கவேண்டி வரும். எச்.ஐ.வி. மருந்தை எப்போது தொடங்குவது என்பதும் காசநோய் இருக்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது. இருந்தால், காசநோய் மருந்து தொடங்கி இரண்டு கிழமைக்குள். மூளையுறையில் என்றால் நாலு முதல் எட்டுக் கிழமை பொறுக்கவேண்டும், அவசரப்பட்டால் ஆளுக்கே ஆபத்து. மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் வழமையான மருந்து கொடுத்துக் காலத்தைத்தான் வீணாக்குவோம். இருட்டில் இவ்வளவையும் தீர்மானிப்பதைவிட ஒரு போத்தல் சிறுநீர் எடுப்பது இலகு.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு எச்.ஐ.வி. உண்டா என்று தெரியாவிட்டால் நான் கேட்கும் எதுவும் தொடங்காது. காசநோயாளிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது இங்கே நடைமுறையில் உள்ளது, அவர்களில் தொற்று இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றப் பக்கம்தான் பலவீனம். காரணம் தெரியாத மெலிவு, ஓயாத காய்ச்சல், வாய்க்குள் வெள்ளை படர்தல் என்று வருகிறவரிடம், கலியாணம் கட்டின ஆள், வயதான அம்மா, மரியாதையான குடும்பம் என்று தயங்கி எச்.ஐ.வி. பரிசோதனையைக் கேட்காமல் விடுகிறோம். மரியாதையாகத் தனியே கூப்பிட்டு, விளக்கி, சம்மதம் கேட்டால் அநேகமானோர் சம்மதிப்பார்கள். பயம் நோயாளியைவிட எங்களுக்குத்தான் கூட என்பது என் அனுபவம்.

சோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வந்து, ஆளும் தேறி, காசநோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அவரை வெறுங்கையோடு அனுப்பாமல், காசநோய் வராமல் தடுக்கும் மருந்துக்கு மார்பு சிகிச்சை நிலையத்தோடு தொடர்புபடுத்திவிடுங்கள். அதற்கான வழிகாட்டல் உங்களிடம் இருக்கிறது.

பணிப்பாளர் அவர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவும்தான். நான்கு மாவட்டத்து மருத்துவ விடுதிகளுக்கும் ஒரே சுற்றறிக்கை, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், தமிழிலும் சிங்களத்திலும். லாம் துண்டுகளை வரவழைத்து விடுதியிலேயே வைப்பதற்கான ஒழுங்கு. மாதிரி போகும் வழியும் நேரமும், பொறுப்பான ஆளின் பதவிப் பெயரோடு. ஒரு வருடம் கழித்து, எச்.ஐ.வி.யோடு அனுமதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு முதல் நாளிலேயே சோதனை நடந்தது என்ற கணக்கு, பெயரும் ஊரும் இல்லாமல். நான்கு மாவட்டத்தையும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுங்கள், பிரித்துக் கொடுத்தால் ஆளை அடையாளம் பிடித்துவிடுவார்கள்.

லாம் துண்டின் மங்கலான கோட்டை வாசிப்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவார்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு முன் பார்ப்பதும், அட்டையில் ஒப்பிடாமல் கண்மதிப்பில் சொல்வதும் வழமையான பிழைகள். தாதிமாருக்கு இதற்கொரு அரை நாள் பயிற்சி வைத்தால் போதும். நடத்த ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். சம்பளம் வேண்டாம், எந்த மாவட்டம் என்றாலும் வருவேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருவர்,
வன்னி.